ஒற்றைக் கத்திச் சத்தம்

ஷென்யாங்
அக்டோபர் 28

அன்பு மகள் நிங்நிங்குக்கு அப்பா எழுதுவது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அம்மா சுகம். நான் சுகமா என்பதை நீதான் எனக்கு எழுத வேண்டும், ஏனென்றால் என்னைத் தவிர மற்ற எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். போனில் முகம் பார்த்துப் பேசும்போது உன் அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு உனக்குக் கண் ஜாடை காட்டுகிறாள், எனக்குத் தெரியாது என்று அவள் நினைப்பு, திரையின் மூலையில் அவள் கை ஆடுவது எனக்கும்தான் தெரிகிறது. அதனால்தான் காகிதம். நானே தபால் நிலையத்துக்கு நடந்து போய்ப் போடப்போகிறேன். நீ வீட்டு முகவரிக்கே பதில் எழுது, கீழே இருக்கும் தபால் பெட்டியின் சாவியை நான் இப்போது சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏதோ பெரிய வியாதி வந்திருக்கிறது, அதை என்னிடம் மறைக்கிறார்கள். சிரிக்காதே. உன் பெரியப்பாவுக்கு ஈரலில் வந்தபோது நாம் எல்லாரும் சேர்ந்து வயிற்றுப் புண் என்று சொன்னோமே, நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் உரித்துக் கொடுத்துக்கொண்டே அடுத்த வருடம் சேர்ந்து மீன் பிடிக்கப் போகலாம் என்று சொன்னேனே, அப்போது எங்கள் முகமெல்லாம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதே முகத்தைத்தான் இப்போது என்னைச் சுற்றிப் பார்க்கிறேன். செப்டம்பரில் ஓய்வுபெற்றவர்களுக்கு வருடா வருடம் செய்யும் பரிசோதனைக்கு அம்மாவும் நானும் சேர்ந்து போனோம். முடிவு வாங்கப் போன அன்று ஒரு சின்ன வயது டாக்டர் கதவைத் திறந்து என் பேரைச் சொல்லி என்னைத்தான் உள்ளே கூப்பிட்டார். நான் எழுந்திருப்பதற்குள் உன் அம்மா குறுக்கே வந்து, அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது டாக்டர், பாட்டு எழுதுற மனுஷன், எங்கிட்ட சொல்லுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். என்னவாம் என்றேன். உங்களுக்குக் கொஞ்சம் ரத்தக் கொழுப்பு, எனக்குத் தோள்வலி, ரெண்டு பேருக்கும் வயசாச்சு, வேற என்ன என்றாள். ரத்தக் கொழுப்பைச் சொல்ல இவ்வளவு நேரமா? அந்தப் பையன் வெளிநாட்டில் படித்தவனாக இருக்க வேண்டும், நோயாளியிடமே நேரே சொல்லலாம் என்று நினைத்திருக்கிறான், அம்மா தடுத்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் நகர இசைக்குழுவின் இயக்குநர் பெய் வீட்டுக்கு வந்தாள், என்னிடம் படித்தவள்தான், இப்போது பெரிய ஆள். ஐயா, உங்க வாழ்க்கை முழுக்க ஒரே மேடையில ஒரு கச்சேரியா பண்ணப் போறோம், புது வருஷத்துக்கு அப்புறம், ஜனவரியில, சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும் என்றாள். என் வாழ்க்கையை அவர்கள் ஏன் இப்போது தேடி எடுக்கிறார்கள்? நீயே யோசி. ஃபூஷுன் பக்கத்தில் நிலக்கரி ஊரில் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் சுவோனா ஊதுகிறவருக்குப் பிறந்தவன் நான். அப்பா கன்னம் உப்ப ஊதும்போது பக்கத்தில் நின்று தாளம் தட்டியவனை, நல்ல காது என்று சொல்லி ஒரு ஆசிரியர் இசைப்பள்ளியில் சேர்த்தார், படிப்பு முடிவதற்குள் பள்ளியையே மூடி எங்களை வயலுக்கு அனுப்பினார்கள், சோளம் விதைத்தேன், பிறகு மாவட்ட இசைக்குழுவில் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், அங்கேதான் மூங்கில் குச்சிகளால் கம்பிகளைத் தட்டி யாங்ச்சின் வாசித்துக்கொண்டிருந்த உன் அம்மாவைப் பார்த்தேன். பனி உடையும் ஆறு என்ற நம்முடைய அந்த உருப்படியை எழுதினேன், அந்த நாளில் யார் பேரும் போடக்கூடாது, படைப்புக் குழு என்று மட்டும் அச்சடித்தார்கள். பேர் போடலாம் என்று காலம் மாறியபோது, குழுவில் என்னோடு பாட்டு எழுதிக்கொண்டிருந்த லுவான் பாவ்ஷான் தன் பேரை முதலில் போட்டுக்கொண்டான், நான் இரண்டாவது. அதன் பிறகு நடன நாடகங்கள், ஒரு சினிமா, அதற்குப் பிறகு இசைக்குழுவுக்குச் சம்பளமே சரியாக வராத காலம், முட்டி வலித் தைல விளம்பரத்துக்கு நான் போட்ட மெட்டு ஒன்றைத்தான் இன்றைக்கும் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் பாடுகிறார்கள், என் மற்ற எதையும் யாரும் பாடுவதில்லை. இருபது வருடமாக யாரும் என்னைத் தேடவில்லை. தேடாதவர்கள் திடீரென்று மாலையோடு வந்தால் ஆள் போகப் போகிறான் என்று அர்த்தம். நம் குழுவில் பழைய ஆட்களுக்கு இப்படிக் கச்சேரி வைத்ததில் யார் அடுத்த கோடையைப் பார்த்தார்கள், சொல்.

இதையாவது விட்டுவிடலாம், லுவான் வந்ததை என்னவென்று சொல்வது. முப்பது வருடமாகக் குழுக் கூட்டங்களில் என் கண்ணைப் பார்க்காத மனிதன், போன மாதம் மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நிற்கிறான், கையில் மஞ்சள் பீச் பழம் அடைத்த டப்பாக்கள். நம் ஊரில் டப்பா பீச் யாருக்குக் கொண்டு போவார்கள் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அதற்காகவே இன்னும் ஒரு நாள் படுத்துக் கிடப்பாயே. உள்ளே வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, டேய் தோங், அந்த ஆத்துப் பாட்டு உன்னுதுதான், கச்சேரி நோட்டீஸ்ல உன் பேரை மட்டும் போடச் சொல்லிட்டேன், என்னை விடு என்றான். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம். உயிரோடு இருக்கப் போகிறவனிடம் லுவான் தோற்றுப்போக மாட்டான். அவன் போன பிறகு அம்மாவிடம், இவனை யார் கூப்பிட்டது என்றேன். யாரும் கூப்பிடல, வயசானா மனுஷனுக்குப் புத்தி வராதா என்று சொல்லிக்கொண்டே அவள் டப்பாவைத் திறந்தாள், எனக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லை, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தானே முழுசாகச் சாப்பிட்டாள், கடைசியில் சாறையும் குடித்தாள். எனக்கு இனிப்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள், அப்படியானால் எனக்கு எதிரில் சாப்பிடலாமா? சொல்லவும் மாட்டேன் என்கிறாள், தரவும் மாட்டேன் என்கிறாள்.

சமையலும் மாறிவிட்டது. உன் அம்மா கொழுக்கட்டைக்கு இறைச்சி கொத்துவது உனக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு கையிலும் இரண்டு கத்தி, யாங்ச்சின் வாசிக்கிற மாதிரியே இடது வலது இடது வலது என்று பலகை முழுக்கப் புரளும், கீழ் வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தம் கேட்டுத்தான் நம் வீட்டில் விருந்து என்று தெரிந்துகொள்வார்கள். இப்போது ஒரே ஒரு கத்தி. டொக், டொக், டொக் என்று மெதுவாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி. நோயாளி உள்ளே படுத்திருக்கிறான், சத்தம் ஆகாது என்று ஜாக்கிரதையாகக் கொத்துகிறாள். நான் நோயாளியாக இருக்கலாம், காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது. வியாழக்கிழமை தோறும் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று டிஷீ பகுதிக்குக் கிளம்பிவிடுகிறாள், குளிர்காலத்துக்கு ஜாடியில் உப்புப் போட்டு முட்டைக்கோஸ் அடுக்க ஆள் வேண்டுமாம். வாரா வாரமா முட்டைக்கோஸ் அடுக்குகிறார்கள்? என் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு வேறு டாக்டரிடம் காட்டப் போகிறாள் என்பது என் சந்தேகம்.

அதனால் நானும் ஒரு முடிவு எடுத்தேன். கச்சேரிக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு என்ன என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் சம்மதம். பெய் இரண்டு தடவை வந்து போனாள், நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். அம்மா முதலில் கேலி செய்தாள், உங்களுக்கு வியாதி எதுவும் இல்ல, வாய்தான் வியாதி என்றாள். அப்புறம் கோபப்பட்டாள். அப்புறம் ஒருநாள் பால்கனியில் முட்டைக்கோஸ் ஜாடியின் மேல் கை வைத்து வெகுநேரம் நின்றாள், நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன், ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. நீயும் போன வாரம் போனில், அப்பா ஒத்துக்கோங்கப்பா, சீக்கிரம் ஒத்துக்கோங்க என்று சொன்னாய், அந்தச் சீக்கிரம் என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது? உனக்கும் தெரியும். புது உருப்படி, என் அப்பாவை நினைத்துச் சுவோனாவுக்கும் குழுவுக்குமாக எழுதிக்கொண்டிருப்பது, கடைசிப் பகுதி இல்லாமல் அப்படியே கிடக்கிறது, எழுதி முடித்தால் நானும் முடிந்துவிடுவேனோ என்று கை வரவில்லை. உன் அம்மா எப்போதும்போல நான் எழுதியதை எல்லாம் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக அழகாகப் பிரதி எடுத்து வைத்திருக்கிறாள், கடைசிப் பகுதிக்காகக் காத்திருக்கிறாள். எனக்கு ஒரே ஒரு வரி எழுது நிங்நிங். என்ன வியாதி என்று மட்டும்.

நவம்பர் 3

மேலே எழுதியதைத் தபாலில் போடவில்லை. ஐஸ் மழை பெய்து படிக்கட்டெல்லாம் வழுக்கியதால் இரண்டு நாள் வெளியே போக முடியவில்லை. பிறகு நடந்ததையும் இதிலேயே எழுதுகிறேன், மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை, உன் அப்பா எப்படிப்பட்ட மனிதன் என்று நீ பார்த்துக்கொள்.

வியாழக்கிழமை அம்மா வழக்கம்போல டிஷீக்குக் கிளம்பிப் போனாள். சூடேற்றும் குழாய்களில் இன்னும் சூடு சரியாக வரவில்லை, கம்பளி உள்ளாடை தேடிக் கட்டிலுக்குக் கீழே இருக்கும் கற்பூர மரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் சிவப்புத் துணியில் சுற்றிய மூட்டை ஒன்று இருந்தது. கை வைத்ததும் என்னவென்று தெரிந்துவிட்டது. செத்தால் போட்டு அனுப்புகிற கடைசி உடுப்பு. என் அப்பா தன்னுடையதை அறுபது வயதிலேயே தைத்து வைத்துக்கொண்டு கோடை தோறும் வெயிலில் காயப்போட்டு, போட்டுப் பார்த்து, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார், துணி எப்படி, தையல் எப்படி என்று கேட்பார், அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தார், அதனால் நம் வீட்டில் அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் எனக்குத் தைத்து ஒளித்து வைத்திருக்கிறார்களே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பார்த்தாயா, பிடித்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். கரு நீலப் பட்டு, உள்ளே புதுப் பஞ்சு. என்ன துணி வாங்கியிருக்கிறார்கள், கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, அலமாரிக் கண்ணாடிக்கு எதிரில் நின்று, அதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

தோள் ஏறவில்லை. இழுத்துப் போட்டேன், கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான், இத்தனை வருடம் எனக்கு ஸ்வெட்டர் பின்னியவளுக்கு என் கை நீளம் தெரியாதா, தையல்காரனிடம் அளவைச் சொல்லத் தெரியாதா என்று கண்ணாடியைப் பார்த்துத் திட்டினேன். அப்புறம் மார்புப் பக்கம் பார்த்தேன், தாமரை போட்டிருந்தது. ஆண்களுக்கு யாரும் தாமரை போட மாட்டார்கள். மூட்டையில் மிச்சம் இருந்ததை விரித்தேன், பாவாடை, அதற்கடியில் சின்னக் காலணி, உன் அம்மாவின் அளவு. அந்த உடுப்போடு கட்டிலில் உட்கார்ந்தேன் நிங்நிங், எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நம் ஊரில் டாக்டர்கள் எந்த நோயாளியிடம் நேரே சொல்லியிருக்கிறார்கள்? வீட்டுக்காரரைத்தானே உள்ளே கூப்பிடுவார்கள். அந்தப் பையன் என்னைக் கூப்பிட்டது நான் வீட்டுக்காரன் என்பதால். பீச் டப்பா நோயாளிக்குத்தான் வந்தது, நோயாளிதான் சாப்பிட்டாள். டொக், டொக், டொக் என்ற அந்த ஒற்றைக் கத்தி. வாழ்நாள் முழுக்கக் காதை வைத்துப் பிழைத்தவன் நான், என் அடுப்படியில் ஒரு கை நின்றுபோனது என் காதில் விழுந்தும் அது எனக்காக நின்றது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் மடித்த மடிப்பிலேயே திரும்ப வைக்கத் தெரியாமல் கஷ்டப்பட்டு வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு லுவான் வீட்டுக்குப் போனேன். ஹுன் ஆற்றங்கரைப் பக்கம் அவன் இருப்பது உனக்குத் தெரியும். கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்ததும், தெரிஞ்சுடுச்சா என்றான். நான் உள்ளே கூடப் போகவில்லை. எனக்கு ஒண்ணும் இல்லியா என்றேன். நிங்நிங், அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவன் சொன்னது சரிதான். உனக்கு என்னடா கேடு, உனக்கு ரத்தக் கொழுப்பு, கல்லு மாதிரி இருக்க, நீ எங்களையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுத்தான் போவ. அவளுக்குத்தான். இடது மார்ல கட்டி, அக்குள் வரைக்கும் போயிருக்கு. தங்கச்சி வீடாவது முட்டைக்கோஸாவது, வியாழக்கிழமை வியாழக்கிழமை ஊசி போட்டுட்டு வரா. கத்தி வைக்கணும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கறாரு, கச்சேரி முடியட்டும்னு இவ நாள் தள்ளிட்டே இருக்கா. ஒருவேளை கத்தி வச்சு எழுந்திருக்கலேன்னா அந்த ஆத்துப் பாட்டை ஒரு தடவை முழுசா கேக்காம போயிடுவேன்னு எங்கிட்ட வந்து அழுதா. பெய்கிட்டயும் அவதான் போனா. நான் பேரை விட்டுக்கொடுத்தது உனக்காகன்னா நினைச்ச, உன் மூஞ்சிக்காகவா என்றான். பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, உங்கிட்ட சொன்னா நீ பேனாவைக் கீழ வச்சுடுவேன்னு பயப்படறாடா என்றான்.

அவள் நாள் தள்ளிக்கொண்டே போனது கச்சேரிக்காக, கச்சேரி தள்ளிக்கொண்டே போனது என்னால். நான் கழிவறையில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அவளுக்குள் அது வளர்ந்துகொண்டிருந்தது. லுவான் எனக்கு வெந்நீர் கொடுத்தான், குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் அம்மா வந்தபோது நான் கஞ்சி வைத்திருந்தேன், அடிப்பிடித்துவிட்டது. இது என்ன புதுசா என்றாள். பசிச்சுது என்றேன். அவள் கோட்டைக் கழற்றும்போது வலது கையால் இடது கைப் பக்கத்தை இழுத்துக் கழற்றினாள், எத்தனை நாளாக இப்படிக் கழற்றுகிறாளோ. ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம் போல இருந்தது, பிடிக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, கச்சேரிக்கு நான் சம்மதிக்கறேன், ஆனா ஜனவரி வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது, என் உடம்பு என்னன்னு யாருக்குத் தெரியும், இந்த மாசக் கடைசியிலேயே வைக்கணும், பெய்கிட்ட நானே பேசறேன் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். என்ன திடீர்னு என்றாள். நீங்க யாரும் சொல்லமாட்டீங்க, நான் செத்தப்புறம் வச்சா நான் எப்படிக் கேக்கறது என்று கோபமாகச் சொன்னேன். அதோட லுவான் பேரு இருக்கணும், ஆனா என் பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல என்றேன். அதற்கு அவள் சிரித்துவிட்டாள். கருகிய கஞ்சியை முழுசாகச் சாப்பிட்டாள்.

நவம்பர் 9

பெய் எங்கெங்கோ பேசி நவம்பர் முப்பதாம் தேதி மண்டபத்தை வாங்கிவிட்டாள், எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவளிடம் மறைக்கவில்லை, அவளும் அழுதாள். நான் தனியாகப் போய் அந்தச் சின்ன டாக்டரையும் பார்த்தேன். ஐயா, அன்னிக்கே உங்ககிட்டதான் சொல்ல வந்தேன் என்றார். மறுபடி மறுபடி கேட்டேன், தப்பிக்க வழி இருக்கு, இனிமே தள்ளாதீங்க என்றார், அந்த முகத்தையும் நான் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தேன், பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை, ஆனால் என் பார்வையை நானே இனி நம்புவதற்கில்லை. டிசம்பர் இரண்டாம் தேதி ஆபரேஷனுக்குக் கட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறார். அம்மாவுக்கும் அதே தேதியைத்தான் சொல்லியிருக்கிறாராம், அவள் என்னிடம், அந்த வாரம் நான் தங்கச்சி வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன், நீங்க சமாளிச்சுக்குவீங்களா என்று கேட்டாள். சமாளிப்பேன் என்றேன்.

கடைசிப் பகுதியை எழுதி முடித்துவிட்டேன். சுவோனாவுக்கு என்று நினைத்திருந்ததை மாற்றிவிட்டேன். சுவோனா ஊதி முடித்து ஓய்ந்ததும் குழு முழுக்க நிற்கிறது, யாங்ச்சின் மட்டும் தனியாக வருகிறது. என் உருப்படிகளில் யாங்ச்சின் எப்போதும் மற்றவர்களுக்கு நடுவில் இட்டு நிரப்புகிற வாத்தியம்தான், கல்யாணம் ஆன புதிதில் உன் அம்மா, எனக்குன்னு ஒரு வரியாவது எழுதக்கூடாதா என்று ஒரு தடவை கேட்டாள், அப்புறம் கேட்டதில்லை. இப்போது எழுதியிருப்பது ஒரே குச்சியில் வாசிப்பதற்கு, வலது கைக்கு மட்டும். எழுதும்போது மேசைக்குப் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இறைச்சி கொத்திக்கொண்டிருந்தாள், நான் வேகத்தைத் தனியாக யோசிக்கவே இல்லை, அந்தச் சத்தம் போன வேகத்திலேயே போட்டேன், அவள் நிறுத்தி மூச்சு வாங்கிய இடங்களில் நானும் நிறுத்தினேன்.

நேற்று அதை அவளிடம் பிரதி எடுக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். வாத்தியத்தின் பேரைத் தலைப்பில் எழுதினாள், முதல் வரியை எழுதினாள், பிறகு பேனாவை வைத்துவிட்டு வலது கை விரலால் மேசையில் மெல்லத் தட்டிப் பார்த்தாள், கடைசி வரை தட்டினாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். இடது கைக்கு ஒண்ணுமே இல்லியே என்றாள். கிழவனுக்கு ரெண்டு குச்சி சத்தம் காது தாங்கல என்றேன். இதை யார் வாசிக்கறது என்றாள். குழுவுல இப்ப இருக்கற பசங்களுக்கு மெதுவா வாசிக்கத் தெரியாது, நீதான் வாசிக்கணும், இல்லேன்னா கச்சேரி வேண்டாம் என்றேன். அவள் மூக்கை உறிஞ்சினாள், சளி பிடித்திருக்கிறது என்றாள். அப்புறம் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள், எழுதிக்கொண்டே, ஜாடியிலேருந்து ஒரு முட்டைக்கோஸ் எடுத்துட்டு வாங்க, மேல இருக்கற கல்லு கனமா இருக்கு, என்னால தூக்க முடியல என்றாள். இத்தனை நாளில் முடியவில்லை என்று அவள் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. போய் எடுத்து வந்தேன். இன்று காலையில் யாங்ச்சினின் உறையை எடுத்துத் துடைத்து, அவள் சொல்லச் சொல்லக் கம்பிகளை நான் முறுக்கிக் கொடுத்தேன், பாதி நாள் போய்விட்டது, அவள் திட்டிக்கொண்டே இருந்தாள், என் காது மழுங்கிவிட்டதாம்.

உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்க மாட்டேன். அம்மா உன்னிடம் சத்தியம் வாங்கியிருப்பாள். எனக்குக் கோபம் இல்லை, போனில் நீ என்னிடம் சிரித்துப் பேசிய நாளெல்லாம் போனை வைத்த பிறகு என்ன செய்திருப்பாய் என்று நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது. டிக்கெட் போட்டுக்கொண்டு இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் வந்து சேர். குழந்தைக்குக் கனமான கோட்டும் காது மூடும் தொப்பியும் இல்லாமல் வராதே, இங்கே இப்போதே ஆறு ஓரத்தில் உறைய ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் அவரைத் தொந்தரவு செய்யாதே, ஆனால் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீயும் வேலை வேலை என்று தூங்காமல் இருக்காதே. உங்கள் மூன்று பேருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும், நீ எழுபது எண்பது வயது வரை இரண்டு கையாலும் இறைச்சி கொத்த வேண்டும், அதுதான் இந்த அப்பா உனக்குச் சொல்கிற ஆசீர்வாதம்.

ஒன்று மட்டும் மறக்காதே. கதவைத் திறந்ததும் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிடாதே. முதலில் என்னிடம் வா. அப்பா, உங்க உடம்பு எப்படிப்பா இருக்கு, எங்ககிட்ட எதையும் மறைக்கறீங்களா என்று அம்மாவுக்கு எதிரில் சத்தமாகக் கேள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்கு யார் சொல்றாங்க என்பேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று உனக்கு ஜாடை காட்டட்டும்.

இப்படிக்கு,
உன் ரத்தக் கொழுப்புக்கார அப்பா,
தோங் வெய்ஜோ